புது பிராசசர் வரும்வரை லேப்டாப் வாங்காமல் காத்திருக்கலாமா?

மதுரை எடிட்டர்:
2017 ஜூனில் வாங்கிய லேப்டாப், இன்டெலின் ஏழாம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜிபி ராம். கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். ரெண்டர் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக் கை கழுவி வந்தாலும் பாதிதான் ஓடியிருக்கும், கீபோர்டின் இடது ஓரத்தில் விரல் வைக்க முடியாத சூடு. கடையில் "ரெண்டு மாசம் பொறுங்க, புது சிப் வருது" என்றார்கள், நாலு மாதம் ஆகிவிட்டது. ஆவணி முகூர்த்தம் நெருங்குகிறது. ஏன் இப்படித் தள்ளிக்கொண்டே போகிறது?

வேஃபர் வாசு:
சொன்ன தேதியில் வராதது இது முதல் தடவை இல்லை. இன்டெலின் 10 நானோமீட்டர் (முன்பைவிட நுணுக்கமான தயாரிப்பு முறை) சிப்பை 2017 இரண்டாம் பாதிக்குத் தள்ளுவதாக 2015 ஜூலையிலேயே அறிவித்தார்கள், ஆனால் 2018 மே மாதம்தான் ஐ3-8121யூ என்ற சிப் சீனாவில் ஒரு லெனோவோ லேப்டாப்பில் தலைகாட்டியது, அதிலும் உள் கிராபிக்ஸ் முடக்கப்பட்டிருந்தது. கடைகளில் தாராளமாகக் கிடைக்க 2019இல் ஐஸ் லேக் என்ற அடுத்த 10 நானோமீட்டர் சிப் வரவேண்டியிருந்தது. காரணம், அதே இடத்தில் 2.7 மடங்கு டிரான்சிஸ்டர்களை அடைக்கப் பார்த்தார்கள், மிக நுண்ணிய கோடுகளை ஒளியால் பதிக்கும் ஈயூவி கருவி அப்போது தயாராக இல்லை, அதனால் பழைய ஒளியிலேயே ஒரே அடுக்கைப் பல தடவை பதித்தார்கள். ஒரு தடவை இம்மி பிசகினாலும் அந்த சிப் வீண். ஒரு வேஃபரில், அதாவது சிப்களை வெட்டியெடுக்கும் சிலிக்கான் வட்டில், தேறுவது குறைவாக இருந்தால் எப்படி விற்க முடியும்?

கோவை கார்த்தி:
பிராசசர் தாமதமானால் ராமும் மாட்டிக்கொள்ளும் அண்ணா. 2016 மேக்புக் ப்ரோ 16 ஜிபியோடு நின்றுபோனது இதனால்தான். அதிலிருந்த இன்டெல் சிப்கள் மின்சாரம் குறைவாகக் குடிக்கும் எல்பிடிடிஆர்4 ராமை ஏற்காது, அவை ஏற்ற பழைய வகையில் 16 ஜிபிக்கு மேல் போக முடியவில்லை. கடைசியில் 2018இல் 15 அங்குல மாடலில் சாதாரண டிடிஆர்4 போட்டு, பேட்டரியைப் பெரிதாக்கித்தான் 32 ஜிபி கொடுத்தார்கள். உங்கள் வேலைக்கு ராம்தான் உயிர், முதலில் அதைப் பாருங்கள்.

நெல்லை நித்யா:
காத்திருப்பதே தப்பு என்று சொல்ல மாட்டேன். நீங்கள் வாங்கி இரண்டே மாதத்தில், 2017 ஆகஸ்டில், எட்டாம் தலைமுறை வந்தது, அதே 15 வாட் மின்சாரத்தில் 2 கோர் (வேலை செய்யும் பகுதி) 4 கோராகிவிட்டது. உங்களுடையது யூ வரிசை (மின்சாரம் குறைவாகக் குடிக்கும் லேப்டாப் சிப்) என்றால் அந்த வித்தியாசம் ரெண்டரில் நன்றாகவே தெரிந்திருக்கும், கேட்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் இப்போது கடைக்காரர் சொல்வது வெறும் பேச்சு. ஒரு மாடல் பெயர், விலை, யாராவது கையில் வைத்துச் சோதித்த ரிவ்யூ, இதில் ஒன்றாவது இருந்தால் பொறுக்கலாம். இல்லையென்றால் முகூர்த்தத்துக்கு முன் வாங்கிவிடுங்கள்.

மதுரை எடிட்டர்:
ஆமாம், யூ வரிசைதான். மாடல் பெயர் கேட்டேன், அவரிடம் பதில் இல்லை. சரி, காத்திருக்கப் போவதில்லை. 16 ஜிபி போர்டிலேயே ஒட்டிய ஒன்றும், 8 ஜிபியோடு ஒரு ஸ்லாட் காலியாக உள்ள ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன், எது எடுக்கலாம்?

கோவை கார்த்தி:
ஸ்லாட் உள்ளது, போர்டில் ஒட்டியதில் பிறகு ராம் கூட்ட முடியாது. வாங்கும்போதே இன்னொரு 8 ஜிபி போடச் சொல்லி, கடையிலேயே ஆன் செய்து 16 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.