புதுப்பிப்பு: இறைச்சிக்குப் போகவிருந்த சவாரி நாம்பன் எழும்பிவிட்டது

நொண்டியதால் இறைச்சிக்கு விலைபேசின சவாரி நாம்பனை (வண்டில் பந்தயத்தில் ஓடின இளங்காளை) வாங்கி வந்தோம், எலும்பும் தோலுமாக நிற்குது, தீனை மணந்துவிட்டுத் திரும்புது, என்ன செய்யலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது நெடுந்தீவு அண்ணை சொன்னதுதான்: பட்டினி கிடந்த மாட்டுக்குப் புண்ணாக்கை உடனே அள்ளிவைத்தால் வயிறு கெட்டுவிடும், முதலில் வைக்கோலும் தண்ணியும். நான் பாசத்தில் முதல்நாளே புண்ணாக்கு வைத்தது பிழை. அதை நிறுத்தி, நாலாம் நாள் பனையோலை கிழித்துப் போட்டேன். அதைத்தான் ஆசையாகத் தின்றது! புண்ணாக்கு இரண்டாம் கிழமை ஒரு பிடியில் தொடங்கினேன்.

எதிர்பாராதது கால். முறிவு என்றுதான் விற்றார்கள். மிருக வைத்தியர் குளம்பைச் சீவ, உள்ளே சீழ். கழுவிக் கட்டினோம், நொண்டல் குறைந்துவிட்டது. இனி அவனுக்கு வண்டில் இல்லை.