புதுப்பிப்பு: தூக்க ஆய்வக வேலையில் சேர்ந்துவிட்டேன்

சுங்கை சிப்புட் தோட்டத்து கிளினிக்கை விட்டுத் தூக்க ஆய்வக வேலைக்குப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சேர்ந்துவிட்டேன். ஈப்போவில், இரவு ஷிப்ட்.

தூக்கக் கோளாறைப் பரிசோதிக்க வருபவரின் தலை, கண்ணோரம், தாடை, கால் எல்லாம் ஒயர் ஒட்டிவிட்டு, அவர் தூங்கும்போது விடிய விடியத் திரையைப் பார்க்க வேண்டும். அப்புறம் பதிவை 30 விநாடித் துண்டுகளாகப் படிக்க வேண்டும். 8 மணி நேரத்துக்கு 960 துண்டு! இதுதான் உண்மையான வேலை, கண் பழக நாளாகிறது. தூக்கத்தில் மூச்சு நிற்பதும் குறைவதும் சேர்ந்து மணிக்கு 30 தடவையைத் தொட்டால் நோய் கடுமை என்று கணக்கு.

போன வாரம் செம்பனை லோரி ஓட்டும் அண்ணன் ஒருவருக்கு மணிக்கு 52 தடவை. “வெறும் குறட்டைதானே தம்பி” என்றவர், சீபேப் (மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றை அழுத்தித் தரும் முகமூடிக் கருவி) மாட்டித் தூங்கி எழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நம் தோட்டங்களில் இப்படி எத்தனை பேரோ.

அடுத்து ஆர்.பி.எஸ்.ஜி.டி. (தூக்க ஆய்வுத் தொழில்நுட்பர் சான்றிதழ்) தேர்வு. படித்துக்கொண்டிருக்கிறேன்.