காஞ்சொறிப் புதருக்குள் கிடந்த இரும்புப் பெட்டி வண்டி: இது போர்க்காலப் பீரங்கி டிரெய்லரா? எப்படிச் சீரமைப்பது?

ஆற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் வசிக்கிறேன். சென்ற மாதம் பக்கத்துப் பண்ணையொன்றில், களஞ்சியத்தின் பின்புறம் காஞ்சொறிப் புதருக்குள் பாதி மறைந்து கிடந்த இரண்டு சக்கர இரும்பு டிரெய்லர் ஒன்றைக் கண்டேன். பண்ணைக்காரரின் பாட்டனார் போர் முடிந்த பிறகு நடந்த இராணுவ உபரிப் பொருள் ஏலத்தில் அதை வாங்கி வந்து, கோழித்தீவனத்தை எலி அண்டாமல் வைத்துக்கொள்ளப் பயன்படுத்தினாராம். பழைய இரும்பின் விலைக்கே எனக்குத் தர அவர் சம்மதித்துவிட்டார்.

வண்டி முழுவதும் மூடிய பெட்டி. பின்புறம் இரண்டு கதவுகள் இருபக்கமும் விரிந்து திறக்கின்றன. உள்ளே ஒன்றுமில்லை, ஆனால் சிறுசிறு அறைகளாகத் தடுப்புகள் இருந்து பின்னர் வெட்டி எடுக்கப்பட்டதுபோல் பற்றவைப்புத் தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிகின்றன. முன்னால் இழுப்பதற்கான வளையம் இருக்கிறது. எனக்குப் புரியாத விதமாகப் பின்னாலும் கதவுகளுக்குக் கீழே கனமான கொக்கி ஒன்று இருக்கிறது. சக்கரத்தில் உள்வட்டமாகவும் வெளிவட்டமாகவும் இரண்டு வரிசை நட்டுகள் உள்ளன. மேலே செங்காவி வண்ணம். அது உரிந்த இடங்களில் பச்சையும், அதற்கும் கீழே ஏதோ பழுப்பும் தெரிகின்றன.

இது லேண்ட் ரோவருக்குப் பின்னால் கட்டும் சாங்கி டிரெய்லர் என்கிறார் ஒருவர். படையினரின் சமையல் வண்டி என்கிறார் இன்னொருவர். அடுத்த வாரம் மணல்வீச்சுப் பட்டறையில் கொடுத்துத் துருவையும் வண்ணத்தையும் முற்றாக நீக்கிவிட்டு, நல்ல இராணுவப் பச்சை பூசலாம் என்று நாளும் குறித்துவிட்டேன். அதற்கு முன் நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதேனும் உண்டா?

மைப்படி எழுதியது:

வணக்கம். முதலில் அந்த மணல்வீச்சு நாளைத் தயவுசெய்து ரத்து செய்யுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் வண்டி எது என்பதைப் பார்ப்போம்.

சாங்கி முக்கால் டன் டிரெய்லர் 1960களுக்குரியது. அது மேலே திறந்த தொட்டி. கித்தான் போட்டு மூடுவார்கள். உங்களுடையது மூடிய பெட்டி என்பதால் அந்தப் பேச்சே எழவில்லை. சமையல் வண்டிக்குப் பின்புறம் கனமான கொக்கி எதற்கு? அந்தக் கொக்கிதான் இங்கே உண்மையான சாட்சி. தானும் இழுபட்டு, தனக்குப் பின்னால் இன்னொன்றையும் இழுத்துச் செல்லும் மூடிய பெட்டி வண்டி, அதுவும் உள்ளே அறையறையாகத் தடுப்புகள் கொண்டது என்றால், அது 25 பவுண்டர் என்னும் பிரிட்டிஷ் களப் பீரங்கியின் குண்டு வண்டியான 27ஆம் எண் பீரங்கி டிரெய்லராகத்தான் இருக்க வேண்டும். பீரங்கிப் படையினர் பழைய குதிரைக்காலப் பெயராலேயே அதை லிம்பர் என்று அழைத்தார்கள். முன்னால் மோரிஸ் சி8 குவாட் என்னும் இழுவை வாகனம், நடுவில் லிம்பர், கடைசியில் பீரங்கி. மூன்றும் ஒரே கோவையாகச் செல்லும். லிம்பரின் அறைகளில் 32 குண்டுகள் தட்டுகளில் அடுக்கப்பட்டிருக்கும். பண்ணைக்காரரின் பாட்டனார் காலத்துக் கோழித்தீவனம் இருந்த இடம் அதுதான்.

இனி மணல்வீச்சு. இப்படிப்பட்ட வண்டிக்குப் பதிவுப் புத்தகம் எதுவும் கையில் இருக்காது. அதன் வரலாறு மூன்று இடங்களில்தான் எழுதப்பட்டிருக்கிறது: தயாரிப்பாளரின் தகடு, இரும்பில் குத்திய எழுத்துகள், வண்ண அடுக்குகள். மணல்வீச்சில் மூன்றாவது முற்றாக அழியும். இரண்டாவது பாதி மங்கும். மெல்லிய தகடு நெளிந்துபோவதும் உண்டு.

வண்ணத்தைப் படிப்பது கடினமில்லை. செங்காவி கெட்டியாக ஒட்டியிருக்கும் இடமாகப் பார்த்து, பழைய நாணயம் அளவுக்கு ஒரு வட்டத்தை நீர் தொட்டு, 400ஆம் எண் உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்குங்கள். பின்னர் 1200ஆம் எண்ணுக்குப் போங்கள். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் ஆழமில்லாமலும் குழிவாகத் தேய்த்தால், வெங்காயத்தைக் குறுக்கே அரிந்ததுபோல் ஒவ்வொரு அடுக்கும் ஒரு வளையமாகத் தெரியும். அந்தக் கால வண்ணத்தில் ஈயம் இருக்கும். ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், முகக்கவசம் அணியுங்கள்.

வளையங்களின் பொருள் இது. மேலே பளபளப்பான கரும்பச்சை இருந்தால் அது போருக்குப் பிந்தைய டீப் ப்ரான்ஸ் கிரீன், அதாவது கரு வெண்கலப் பச்சை. 25 பவுண்டர் பிரிட்டிஷ் படையில் 1967 வரை இருந்தது என்பதால் அந்த அடுக்கு இருப்பது இயல்பே. ஆனால் உங்கள் பாட்டனார், மன்னிக்கவும், பண்ணைக்காரரின் பாட்டனார் போர் முடிந்த உடனேயே வாங்கியிருந்தால் அது இல்லாமலும் இருக்கலாம். அதற்குக் கீழே மங்கலான ஆலிவ் பச்சை தெரிந்தால் அது 1944 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த எஸ்.சி.சி. 15 (எஸ்.சி.சி. என்பது படையின் உருமறைப்பு வண்ணப் பட்டியல்). அமெரிக்காவிலிருந்து வந்து குவிந்த வாகனங்களை மறுபடி வண்ணம் தீட்டாமலே பயன்படுத்த வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பச்சைக்கு மாறினார்கள். அதற்கும் கீழே உள்ள பழுப்பு, 1942 முதல் பயன்பாட்டில் இருந்த எஸ்.சி.சி. 2, பச்சை நிறமிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால் வந்தது அது. நீங்கள் கண்ட பழுப்பு அடிப்பூச்சுக்கு நேர்மேலே இருக்குமானால், வண்டி 1942க்கும் 1944இன் தொடக்கத்துக்கும் இடையே செய்யப்பட்டது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

பக்கத்தகட்டை மட்டும் இன்னும் பொறுமையாகத் தேயுங்கள். அங்கே வெள்ளையில் எழுதிய எண் கிடைக்கக்கூடும். பிரிட்டிஷ் படையின் வாகன எண்களில் டிரெய்லர்களுக்குரிய முன்னெழுத்து எக்ஸ், லாரிகளுக்கு எல். அரசு உடைமையைக் குறிக்கும் அம்புக்குறி, கதவுக் கீலிலோ கொக்கியிலோ குத்தப்பட்டிருக்கும். எழுத்துகள் தேய்ந்திருந்தால் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோல் மெல்லிய தாளை விரித்து, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்து தாளில் எழுந்து வரும்.

பழைய பட்டறை எழுதியது:

மைப்படி அவர்கள் வண்ணத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட இரட்டை வரிசை நட்டுகளைப் படித்தவுடன் எனக்குக் கவலை வந்தது.

அந்தச் சக்கரம் ஒரே துண்டு அன்று. இரண்டு பாதிகளைச் சேர்த்து முடுக்கிய போர்க்காலச் சக்கரம் அது. உள்வட்ட நட்டுகள் சக்கரத்தை அச்சுக் குடத்தோடு பிணைக்கின்றன. வெளிவட்ட நட்டுகள் இரண்டு பாதிகளையும் ஒன்றோடொன்று பிணைக்கின்றன. டயரில் காற்று இருக்கும்போது வெளிவட்டத்தைத் தளர்த்தினால் பாதிகள் வெடித்துப் பிரிந்து எதிரே இருப்பவரைக் கொன்றுவிடும். எச்சரிக்கைக்காக அவற்றுக்குச் சிவப்பு பூசும் வழக்கம் இருந்தது. ஆனால் 80 ஆண்டுகளுக்குப் பின், அதுவும் செங்காவி பூசிய வண்டியில், அந்தச் சிவப்பை நம்ப முடியாது. ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே வால்வின் உட்கருவைக் கழற்றி எடுத்துவிடுங்கள். டயர் தட்டையாகக் கிடக்கிறது, காற்றே இல்லை என்று கண்ணுக்குத் தோன்றினாலும் கழற்றுங்கள்.

இன்னொன்று. குண்டு வண்டி என்பதால் பெட்டியின் அடியிலோ, புதருக்குள் அதன் பக்கத்திலோ உருளையான எதுவும் தட்டுப்பட்டால் தொடாமல் விலகிக் காவல்துறையை அழையுங்கள். வெற்று உறையாகத்தான் இருக்கும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

இனி வேலை. நட்டுகள் எல்லாம் விட்வொர்த் என்னும் பழைய பிரிட்டிஷ் அளவு வகை. மரையின் (திருகுப் புரியின்) கோணம் 55 பாகை. இன்றைய மெட்ரிக் மரைக்கு 60 பாகை என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று சேரா. மெட்ரிக் ஸ்பேனர் ஏறக்குறைய பொருந்துவதுபோல் தோன்றி நட்டின் மூலைகளை உருட்டிவிடும். பழைய சாமான் சந்தையில் ஒரு தொகுதி விட்வொர்த் ஸ்பேனர் வாங்கிவிடுங்கள். எங்காவது போருக்குப் பின் வந்த யூனிஃபைட் வகை மரை கொண்ட போல்ட் கிடைத்தால் அது போருக்குப் பிறகு யாரோ மாற்றியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு சான்று.

பெட்டியின் தரைத்தகடு அரித்திருக்கும். நல்ல நிலையில் உள்ள இடத்தில் கனத்தை அளந்த பிறகே புதிய தகடு வாங்குங்கள். அந்தக் காலத்தில் கேஜ் கணக்கு: 16 கேஜ் என்றால் 1.63 மி.மீ., 14 கேஜ் என்றால் 2.03 மி.மீ. இன்று கடையில் 1.5, 2 மி.மீ. தகடுகள் கிடைக்கும், 14க்கு 2 சரியாகப் பொருந்தும், 16க்கு 1.5 சற்று மெலிவு.

கீல், தாழ்ப்பாள், கொக்கி போன்ற சிறு பாகங்களுக்கு மணல்வீச்சே வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி, பாகத்தை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், ஒரு பழைய இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்து ஓரிரு நாள் விடுங்கள். துரு தளர்ந்துவிடும், குத்திய எழுத்து அப்படியே இருக்கும். நேர்முனையில் எவர்சில்வர் வைக்கவே கூடாது. நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள்.

தேரோட்டி எழுதியது:

மேலே உள்ளவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் "நல்ல இராணுவப் பச்சை" என்று கேள்வியில் ஒரு சொல் வந்ததே, அதைப் பற்றி நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். எந்த ஆண்டின் பச்சை? 1943இன் பழுப்புப் பூசிய வண்டியின்மேல் 1944இன் சின்னங்களை எழுதி நிறுத்தியிருப்பதைக் கண்காட்சிகளில் அடிக்கடி பார்க்கிறேன், மனம் நோகிறது. வளையங்கள் காட்டும் ஆண்டுகளில் ஒன்றைத் தேர்ந்து, அதற்குரியதை மட்டும் பூசுங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ஒரு கதவின் உட்புறத்தையாவது தொடாமல், செங்காவியோடும் தீவனக் கறையோடும் விட்டுவிடுங்கள். படையில் இருந்ததைவிட நீண்ட காலம் அந்த வண்டி பண்ணையில் உழைத்திருக்கிறது. அதுவும் அதன் வரலாறுதான்.

ஆற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பட்டறை நாளை ரத்து செய்துவிட்டேன். வால்வுகளையும் கழற்றினேன், முற்றிலும் தட்டையாகக் கிடந்த இடப்பக்க டயரிலிருந்து நீண்ட நேரம் காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. பழைய பட்டறை ஐயா எழுதாமல் விட்டிருந்தால் நான் அந்தப் பக்கத்து வெளிவட்ட நட்டில்தான் முதலில் கை வைத்திருப்பேன்.

நான்கு இடங்களில் தேய்த்துப் பார்த்தேன். நான்கிலும் ஒரே வரிசை: செங்காவி, மங்கலான ஆலிவ் பச்சை, பழுப்பு, அடிப்பூச்சு. பளபளப்பான கரும்பச்சை எங்கும் இல்லை. பின்கதவின் இடது ஓரத்தில் செங்காவிக்குக் கீழே மேற்பாதி சிவப்பும் கீழ்ப்பாதி நீலமுமாக ஒரு சதுரம் வெளிப்பட்டது. அதற்குள் இருக்கும் வெள்ளை எண்ணில் முதல் இலக்கம் 4. அடுத்தது பாதிதான் தெரிகிறது, 2 என்றும் 3 என்றும் படிக்க முடிகிறது. பக்கத்தகட்டில் எக்ஸ் எழுத்தும் அதைத் தொடர்ந்து மூன்று இலக்கங்களும் வந்துள்ளன. மீதியை மெதுவாகத் தேய்க்கிறேன்.

மைப்படி எழுதியது:

சிவப்பும் நீலமும் பீரங்கிப் படையின் சின்னம். காலாட்படை டிவிஷன் ஒன்றில் மூன்று களப் பீரங்கி ரெஜிமென்ட்டுகள் இருந்தன. அவற்றுக்கு 42, 43, 44 என்ற எண்களை எழுதினார்கள். ஒவ்வொரு டிவிஷனிலும் இதே எண்கள் என்பதால், இதை மட்டும் வைத்து எந்த ரெஜிமென்ட் என்று சொல்ல முடியாது. டிவிஷனின் சின்னம் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். வலது கதவின் அதே உயரத்தில் தேய்த்துப் பாருங்கள். ஆனால் அதற்கு முன் இடது கதவை, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள்.