இண்டரப்ட் என்பதற்கு ‘இடையழைப்பு’: என் வாதம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை இடையில் விட்டுவிட்டு வேறொரு சிறு வேலையைக் கவனிக்கும்படி செயலிக்கு வரும் அறிவிப்பே இண்டரப்ட். மாணவர்களுக்கான நுண்கட்டுப்படுத்தி (மைக்ரோகண்ட்ரோலர்) கையேட்டில் இண்டரப்ட் என்பதற்குக் ‘குறுக்கீடு’ என்றே வைத்துக்கொள்ளலாம் எனப் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஏற்கெனவே புழங்கும் சொல், சுருக்கமான சொல் என்கிறீர்கள். இரண்டும் சரி. ஆனாலும் என்னால் உடன்பட முடியவில்லை. அந்தச் சொல் மாணவரைத் தவறான வேலையில் இறக்கிவிடும். எப்படி என்று ஒரே ஒரு திட்டத்தை வைத்துக் காட்டுகிறேன்.

பாலிடெக்னிக் மாணவர்கள் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் திட்டம், குழாயில் ஓடும் தண்ணீரை அளப்பது. ஆர்டுயினோ ஊனோ என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகை, ஒய்எஃப்-எஸ்201 என்ற நீரோட்டச் சென்சார், ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), சிறிய பம்ப், எல்சிடி திரை. சென்சாருக்குள் தண்ணீர் சுழற்றும் சக்கரத்தில் காந்தம் இருக்கிறது. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 450 மின்துடிப்புகள் வெளிவரும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் நொடிக்கு 75 துடிப்புகள்.

இப்போது மாணவர் முதலில் எழுதும் நிரலைப் பாருங்கள். சென்சார் முனையைப் படிக்கிறார், திரையில் எழுதுகிறார், ஒரு நொடி காத்திருக்கச் சொல்கிறார், மறுபடி படிக்கிறார். அந்த ஒரு நொடிக் காத்திருப்பில் ஏறக்குறைய எல்லாத் துடிப்புகளும் கணக்கில் வராமலே போய்விடும். வாளி நிறைந்து வழியும்போதும் திரையில் கால் லிட்டர்கூடக் காட்டாது. இதற்குத் தீர்வாகத்தான் சென்சார் கம்பியை ஊனோவின் 2 அல்லது 3ஆம் முனையில் இணைத்து இண்டரப்ட் முறைக்குப் போகிறோம். துடிப்பு வந்ததும் செயலி கையிலிருக்கும் கட்டளையை முடிக்கிறது. திரும்பி வரவேண்டிய முகவரியை ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் போட்டுவைக்கிறது. எண்ணிக்கையை ஒன்று கூட்டும் சிறு செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றுக்குத் தாவுகிறது. அது முடிந்ததும் விட்ட இடத்துக்கே வந்துவிடுகிறது. ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சில்லில் தாவுவதற்குக் குறைந்தது 4 கடிகாரச் சுற்றுகள் ஆகும். 16 மெகாஹெர்ட்சில் அது கால் மைக்ரோநொடி.

இதே திட்டத்தில் வேறொன்றும் நடக்கிறது. ரிலே பம்ப்பை அணைக்கும் கணத்தில் மோட்டார்ச் சுருளிலிருந்து மின்னழுத்தம் துள்ளி எழுந்து, பக்கத்தில் ஓடும் சென்சார் கம்பியில் ஏறிக்கொள்கிறது. தண்ணீர் நின்றுவிட்டது, எண்ணிக்கை மட்டும் கூடுகிறது. இந்த மின்காந்தத் தொல்லைக்குத் தமிழில் என்ன பெயர்? அதுவும் குறுக்கீடுதான். மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் ஒளி அலைகளின் குறுக்கீட்டு விளைவைப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் இவர்கள். வானொலியில் வரும் இரைச்சலையும் குறுக்கீடு என்றே எழுதுகிறோம். அந்தச் சொல்லுக்கு இயற்பியல் முன்பே இடம் பிடித்துவிட்டது.

ஆகக் கையேட்டில் ‘இந்த இடத்தில் குறுக்கீட்டைத் தடுக்கவும்’ என்று ஒரு வரி வந்தால் மாணவர் என்ன செய்வார்? மோட்டாரின் இரு முனைகளுக்குக் குறுக்கே டையோடு ஒன்றையும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் பற்றவைப்பாரா, அல்லது நிரலில் இண்டரப்டைத் தடை செய்யும் நோஇண்டரப்ட்ஸ் என்ற கட்டளையை எழுதுவாரா? இரண்டும் இந்தத் திட்டத்துக்கு வேண்டிய வேலைகளே. ஒன்று சூட்டுக்கோலால் செய்வது, மற்றது விசைப்பலகையில் செய்வது. இரண்டையும் ஒரே வாக்கியத்தால் சொல்ல நேர்கிற கையேட்டை நான் மாணவர் கையில் கொடுக்கமாட்டேன்.

அந்த இரண்டாவது தடுப்பு ஏன் வேண்டும் என்பதையும் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், சொல்லைத் தேர்வு செய்ய அது உதவும். எண்ணிக்கையை இரண்டு பைட் மாறியில் வைத்திருக்கிறோம். ஏடிமெகா 8 பிட் செயலி; அதனால் ஒருமுறைக்கு ஒரு பைட்டைத்தான் படிக்கும். எண்ணிக்கை 255ஆக இருக்கும்போது முதன்மை நிரல் கீழ் பைட்டைப் படித்துவிட்டது. மேல் பைட்டைப் படிப்பதற்குள் ஒரு துடிப்பு வந்து எண்ணிக்கை 256 ஆகிவிட்டது. திரும்பி வந்து மேல் பைட்டைப் படித்தால் கிடைக்கும் எண் 511! சென்சாரிலும் பழுதில்லை, கம்பியிலும் பழுதில்லை. எப்போதோ ஒருமுறை வந்து மறைகிற இந்தப் பிழையை நாள்கணக்கில் தேடுவார்கள். படிக்கும் அந்த நொடித்துளிக்கு மட்டும் இண்டரப்டைத் தடை செய்து, எண்ணை வேறொரு மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு, தடையை நீக்கிவிட வேண்டும். தடை நீடிக்கும்போது ஒரு துடிப்பு வந்தால் சில்லு அதைக் குறித்து வைத்துக்கொள்ளும், தடை நீங்கியதும் கவனிக்கும். இரண்டு வந்தால் ஒன்று போய்விடும். குறித்து வைக்க இருப்பது ஒரே பிட்.

இனி மாற்றுச் சொற்கள். ‘இடையூறு’ வேண்டவே வேண்டாம். நாமே விரும்பி ஏற்படுத்திக்கொள்ளும் வசதிக்குத் தொல்லையின் பெயரைச் சூட்டுவதாகும். ‘இடைநிறுத்தம்’ நின்றுபோவதை மட்டும் சொல்கிறது, எதற்காக நின்றது என்பதைச் சொல்லவில்லை. ‘இடைமறிப்பு’ வலுவான சொல்தான். ஆனால் போகிற செய்தியை நடுவில் பிடிப்பதற்கு அதைப் பாதுகாப்புத் துறையில் ஆள்கிறார்கள், அங்கேயே இருக்கட்டும்.

நான் முன்வைப்பது ‘இடையழைப்பு’. வேலை நடந்துகொண்டிருக்கும்போது இடையில் வருகிற அழைப்பு. செயற்கூறை அழைப்பது என்று ஏற்கெனவே சொல்லிக்கொடுக்கிறோம். அந்த அழைப்பை நிரல் விடுக்கிறது, இந்த அழைப்பை வன்பொருள் விடுக்கிறது. வேறுபாடு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. கூட்டுச் சொற்களும் தயங்காமல் வருகின்றன: இடையழைப்பு முனை, இடையழைப்புச் செயற்கூறு, இடையழைப்புத் தடை, டைமர் இடையழைப்பு. தடைக்காலத்தில் வந்து காத்திருப்பதை நிலுவை இடையழைப்பு எனலாம். நீதிமன்ற நிலுவையும் சம்பள நிலுவையும் தெரிந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

அழைப்புக்குக் காத்திராமல் செயலி தானே முனைகளை மறுபடி மறுபடி சோதித்துப் பார்ப்பது போலிங். அதற்கும் இதனோடு இணையாக ஒரு சொல் வேண்டும். ‘வாக்கெடுப்பு’ என்ற பரிந்துரையைத் தயவுசெய்து கைவிடுங்கள். பந்தி விசாரிப்பது என்கிறோம். ஒவ்வொரு இலையாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வருவது. செயலி ஒவ்வொரு முனையாகப் போய்க் கேட்பதும் அதுவே. ‘சுற்று விசாரிப்பு’ என்று வைக்கலாம். பந்தியில் உட்கார்ந்தவரே குரல் கொடுத்துக் கூப்பிட்டால் அது இடையழைப்பு. வகுப்பில் இரண்டையும் ஒரே மூச்சில் விளக்கிவிடலாம்.

‘இண்டரப்ட் என்றே தமிழில் எழுதிவிட்டால் என்ன?’ என்று கேட்ட நண்பருக்கு: நிரலில் அட்டாச்இண்டரப்ட் என்று வரும் இடத்தை நாம் தொடப்போவதில்லை. ரிலே, சென்சார், டையோடு ஆகியவற்றையும் நான் மாற்றச் சொல்லவில்லை; மாணவர் மின்னணுப் பொருள்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் போய் அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். இண்டரப்ட் அப்படிக் கடையில் விலை கேட்டு வாங்கும் பொருள் அல்ல. அது மனத்தில் பிடிபட வேண்டிய கருத்து. தமிழில் யோசிக்கும் பிள்ளைக்கு அது தமிழில் பிடிபட்டால்தான் 511 எங்கிருந்து வந்தது என்று தானே கண்டுபிடிக்கும்.

பொத்தானின் தொடுமுனைகள் அதிர்ந்து ஒரே அழுத்தத்தைப் பலமுறை எண்ண வைப்பதற்குத் ‘துள்ளல்’, அதைச் சரிசெய்வதற்குத் ‘துள்ளல் நீக்கம்’ என்று முன்பு பேசியது எனக்கு முழுச் சம்மதம். அதில் மேலும் விவாதம் தேவையில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. ஏடிமெகாவில் ஓர் இடையழைப்பு நடக்கும்போது மற்றவை தாமாகவே தடைபட்டுவிடும். ராஸ்பெரி பை பிக்கோ போன்ற, கார்டெக்ஸ்-எம் வகைச் செயலி கொண்ட பலகைகளில் அப்படியல்ல. முன்னுரிமை கூடிய ஒன்று, நடந்துகொண்டிருக்கும் இடையழைப்பையே இடையில் நிறுத்திவிட்டு நுழையும். ‘உள்ளடுக்கு இடையழைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் உருளவில்லை. ‘மேலழைப்பு’ என்றால் முன்னுரிமை தெரிகிறது, ஆனால் ஒன்றுக்குள் ஒன்று என்பது தெரியவில்லை. டைமர் பற்றிய பாடத்தை எழுதத் தொடங்கும் முன் இதற்கு ஒரு சொல் தேவை. தோன்றுவதை எழுதுங்கள்.