பஞ்சாங்கத்துக்குள் இருந்த குறிப்பு

'வசந்த மாளிகை' படத்தை 2003ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, வாடகைக்கு எடுத்த சீடியில், வீட்டில் எல்லோருமாக இருந்து பார்த்தோம். அம்மா அதைத் தன் கலியாணத்துக்கு முன்பே யாழ் நகரத்துத் திரையரங்கு ஒன்றில் பார்த்தவர். வின்சர், ராணி, மனோகரா, வெலிங்டன் என்று அரங்குகளின் பெயர்களை அடுக்குவாரே தவிர, எதில் பார்த்தார் என்பதை ஒவ்வொரு முறையும் மாற்றித்தான் சொல்வார்.

1972இல் வந்த அந்தப் படத்தின் கதை பலருக்கும் தெரிந்ததே. ஜமீன் வீட்டு மகனாகச் சிவாஜி கணேசனும், அவரிடம் செயலாளராக வேலைக்கு வரும் வசதியற்ற வீட்டுப் பெண்ணாக வாணிஸ்ரீயும் நடித்திருக்கிறார்கள். குடியிலே கிடந்தவனை அவள் மீட்கிறாள். அவன் அவளுக்காகவே ஒரு மாளிகை கட்டுகிறான். பிறகு அவள்மேல் நகைத் திருட்டுப் பழி விழுகிறது. வீட்டார் பழி சொல்வதைவிட, காதலித்தவனே ஒரு கணம் சந்தேகத்தோடு அவளைக் கேட்பதுதான் அந்தப் படத்தில் என்னை இன்றுவரை உறுத்தும் இடம். அந்தக் காட்சியில் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம் அந்தப் பிள்ளை, இல்லாத வீட்டுப் பிள்ளையெண்டால் என்னவும் சொல்லலாம்" என்றார். அண்ணா எழுந்து கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் மோட்டரைப் போட்டார். தொட்டி மாலையிலேயே நிரம்பியிருந்தது.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர்தான் அண்ணாவின் விருப்பம் எங்கள் வீட்டில் தெரியவந்திருந்தது. அண்ணா அரச எழுதுவினைஞர். அவர் விரும்பிய பெண் முன்பள்ளி ஆசிரியை. அவளுடைய தகப்பனார் கொக்குவில் பக்கத்தில் ஒரு சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். யாழ்ப்பாணத்தில் இதை வாசிப்பவர்கள் முதலில் கேட்கப்போகும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: சாதி ஒன்றுதான். அதனால்தான் மறுப்பதற்கு வேறொரு சொல் தேவைப்பட்டது. "தராதரம் காணாது" என்ற அந்தச் சொல்லைக்கூட அப்பா வீட்டுக்கு வெளியே ஒருபோதும் சொல்லவில்லை.

படங்களில் பணக்காரத் தகப்பன் மாடிப்படியில் நின்று சத்தம் போடுவான், காசோலையை நீட்டுவான், அடியாளை அனுப்புவான். எங்கள் வீட்டில் ஒருவரும் குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெண்ணின் தகப்பனார் ஒரு பின்னேரம் சைக்கிளைப் படலைக்கு வெளியே மதிலோடு சாத்திவிட்டு வந்தபோது, அப்பா எழுந்து நின்று வரவேற்று, விறாந்தையில் நிறுத்தாமல் உள்ளே அழைத்து இருத்தினார். கண்ணாடி அலுமாரியிலிருந்த கப்பும் சோசரும் இறங்கின. பயற்றம் பணியாரத்தோடு தேநீரை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோப்பையைப் பிடித்த அவருடைய பெருவிரலிலும் சுட்டுவிரலிலும், எத்தனை முறை கழுவினாலும் போகாத புகையிலைக் கறை இருந்தது. அவர் அதை உணர்ந்தவர்போல் கோப்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். அப்பா அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். பிறகு அப்பா மிகவும் மரியாதையாக, "உங்களிலை ஒரு குறையும் இல்லை. குறிப்பை ஒருக்காப் பாப்பம்" என்றார். குறிப்பு என்று அவர் சொன்னது பெண்ணின் சாதகத்தை.

இவ்விடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது 1964இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'. அதில் முத்துராமன் நண்பனுக்காகப் பணக்காரக் கிழவராக வேடம் போட்டு வந்து, பெண்ணின் தகப்பனாக வரும் பாலையாவை நம்பவைப்பார். யாழ்ப்பாணத்தில் அந்த வேடம் அரை நாளும் தாங்காது. கலியாணப் பேச்சுக்கால் தொடங்கியதுமே பேரன் பூட்டன் வரை விசாரித்து, எந்தக் காணி ஈட்டில் இருக்கிறது என்பது உட்பட எல்லாம் மறுநாள் காலையில் வீடு வந்து சேர்ந்துவிடும். ஆயினும் அந்த நகைச்சுவைப் படத்தை, அழவைக்கும் பல படங்களைவிட உண்மையானதாகவே நான் கருதுகிறேன். மாப்பிள்ளையிடம் காசு இருக்கிறது என்று நம்பியவுடன் அந்தத் தகப்பனின் உடல் வளையும் விதத்தைப் பாலையா அவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறார்.

எங்கள் வீட்டுக் கதையில், எந்தப் படத்திலும் நான் காணாத ஒருத்தி இருக்கிறாள். அவள் நான். அண்ணாவுக்குப் பின்னால் நானும் தங்கையுமாகக் கலியாணமாகாத இரண்டு குமர். இங்கே சீதனம் என்பது ஆசைக்குக் கேட்டு வாங்கும் பொருள் மட்டுமன்று. யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்தபோதே அதில் இடம்பெற்றுவிட்ட சொத்து ஏற்பாடு அது. அந்த வழமைப்படி, சீதனம் பெற்றுப் போகும் மகளுக்குப் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் பங்கு இல்லை. ஆகவே கலியாணத்தின்போது அவளுக்கு எழுதப்படுவதுதான் அவளுடையது. அந்தச் சீதனத்துக்கு மேலதிகமாக மாப்பிள்ளை வீட்டாரின் கையில் கொடுக்கப்படும் டொனேஷன் என்ற பணம் பெரும்பாலும் அவனுடைய சகோதரிகளைக் கரைசேர்க்கவே போகும். அரச உத்தியோகம் பார்க்கும் ஒரு மகன் விரும்பிய பெண்ணை வெறுங்கையோடு கட்டினால், அவனுக்குப் பின்னால் இருக்கும் குமர்ப்பிள்ளைகளின் கணக்கு அங்கேயே அறுந்துவிடும். அம்மா இதை ஒளிக்கவில்லை. குசினியில் அண்ணாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "தம்பி, அந்தப் பிள்ளை தங்கமான பிள்ளையெண்டு எனக்கும் தெரியும். இவளவையை நான் என்ன செய்ய?" என்று கேட்டார். அண்ணா பதில் சொல்லவில்லை. நான் அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபத்தாறு வயது. எனக்கு வேண்டியிருந்தது.

இன்னொன்றும் நடந்தது. நகை காணாமற்போகும் காட்சிக்கு எங்கள் வீட்டில் நேர்ந்த வடிவம் என்று அதைச் சொல்லலாம். பெரியமாமா ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "உன்ரை பேரிலை எழுதியிருக்கிற தோட்டக்காணியைப் பற்றி அந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ?" என்று அண்ணாவைக் கேட்டார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அண்ணா அதே கேள்வியை, விளையாட்டாகக் கேட்பதுபோல, அவளிடம் கேட்டுவிட்டார். அவள் எதற்கும் கோபப்படாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள் என்றும், அதற்குப் பிறகு தன்னோடு பேசவில்லை என்றும் அண்ணாவே பல ஆண்டுகள் கழித்து எனக்குச் சொன்னார். ஆக, எங்கள் பெற்றோர் பிரிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

குறிப்பு பொருந்தவில்லை என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பப்பட்டது. அந்தக் குறிப்பு எந்தச் சாத்திரியாரிடமும் போகவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். சாமியறையில் வாக்கிய பஞ்சாங்கத்துக்குள், கொண்டுவந்த மடிப்புக் கலையாமல் அது இருந்ததை நான் விளக்கேற்றப் போகும் ஒவ்வொரு மாலையும் கண்டேன். அடுத்த ஆண்டு அண்ணாவுக்குப் பேசிச் செய்தார்கள். அண்ணி நல்லவர்; அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. அவர் கொண்டுவந்த பணத்தில் என் சீதன வீட்டுக்குக் கூரை போடப்பட்டு, 2006இல் எனக்குக் கலியாணம் நடந்தது. இதை எழுதுவதும் அந்த வீட்டில் இருந்துதான்.

அப்பாவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்குச் சாமியறையைத் துப்புரவாக்கியபோது, பழைய பஞ்சாங்கக் கட்டிலிருந்து சுபானு வருடத்துப் புத்தகம் கையில் வந்தது. உள்ளே அந்தக் கடதாசி. நான்கு மூலையிலும் தடவியிருந்த மஞ்சள் மங்கிப்போயிருந்தது. அண்ணா முற்றத்தில் நின்று ஐயரோடு பேசிக்கொண்டிருந்தார். கூப்பிட வாய் திறந்தேன். பிறகு பஞ்சாங்கத்தை மூடி, கட்டின் நடுவில் இருந்த இடத்திலேயே செருகிவிட்டு, குத்துவிளக்கை மினுக்கத் தொடங்கினேன்.