எக்ஸ்ஓ-1 மடிக்கணினியை புரொஜெக்டரில் காட்ட வழி வேண்டும்

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட ஐந்து எக்ஸ்ஓ-1 மடிக்கணினிகளை (பிள்ளைகளுக்கான ஓஎல்பிசி திட்டத்தின் பழைய கணினி) தயார் செய்கிறோம். 433 மெகாஹெர்ட்ஸ் ஜியோட் செயலி, 256 எம்பி ராம், 1 ஜிபி சேமிப்பு நினைவகம்.

மூன்று சரியாகிவிட்டன. ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் இயங்குதளக் கோப்புகளைப் போட்டு, சார்ஜரும் பேட்டரியும் மாட்டி, திரைக்கு வலப்பக்கம் இருக்கும் நான்கு விளையாட்டுப் பொத்தான்களையும் சேர்த்து அழுத்திக்கொண்டே பவரை அழுத்தினோம். ஏறிவிட்டது. சார்ஜரைக் கழற்றி மட்டும் செய்யாதீர்கள், நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான்.

மழைக்காலத்தில் டச்பேடில் சுட்டி தானாக ஓடும். விரலை எடுத்துவிட்டு விசைப்பலகையின் நான்கு மூலை விசைகளையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் அடங்கிவிடுகிறது. பழைய பதிவுகளால் சேமிப்பு நினைவகம் நிரம்பினால் கணினி கிளம்பாமலே போகலாம், அதனால் ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் ஜர்னலை (பிள்ளைகள் செய்தவை சேரும் இடம்) காலி செய்கிறோம். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் வைத்தால் கண்ணுக்கே தெரியாது.

இனி சிக்கல். இதில் விஜிஏ, எச்டிஎம்ஐ எதுவும் இல்லை. 7.5 அங்குலத் திரையை நாற்பது பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள்? விஎன்சி (திரையை நெட்வொர்க்கில் பகிரும் மென்பொருள்) வழியாக வேறொரு கணினிக்கு அனுப்பினால் படம் இழுக்கிறது. யூஎஸ்பி–விஜிஏ அடாப்டர் யாராவது இதில் ஓட்டியிருக்கிறீர்களா? எந்தச் சிப்?

மீதி இரண்டும் பாதுகாப்புப் பூட்டு நீக்காதவை. உள்ளே கடிகார பேட்டரி தளர்ந்து தேதி தவறிவிட்டதால் தொடக்கத்திலேயே நிற்கின்றன. டெவலப்பர் கீ (அந்தப் பூட்டைத் திறக்கும் கோப்பு) இல்லாமல் தேதியைத் திருத்தியவர்கள் படிப்படியாகச் சொல்லுங்கள். பாலக்காடு, பொள்ளாச்சி பக்கம் யாரிடமாவது இதன் உள்பலகையை வேறொரு கணினியோடு இணைக்கும் சீரியல் அடாப்டர் இருந்தால் வந்து வாங்கிக்கொள்கிறோம்.