தண்ணீர் சுத்தமென்றால் மீனும் சுத்தமா?

தூண்டில்: ஏரித் தண்ணீரைச் சோதித்து அதில் பாதரசம் இல்லை என்று வந்த பிறகும் மீனைப் பிடித்து, அறுத்து, அரைத்து லேப்புக்கு அனுப்புவது வீண்செலவு என்பது என் கட்சி. ஒரு பாட்டில் தண்ணீர் எடுக்க ஐந்து நிமிடம். மீனுக்கு வலை, படகு, ஐஸ் பெட்டி, ஆள்கூலி. மறுப்பவர்கள் வரலாம்.

செதில்: நான் மறுக்கிறேன். ஏரித் தண்ணீரில் பாதரசம் பெரும்பாலும் லிட்டருக்குச் சில நானோகிராம்தான். சாதாரணக் கருவிக்கு அது சிக்காது, உடனே ‘இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். அடிச்சேற்றில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை மீத்தைல் பாதரசமாக்கும், அதாவது உடலில் எளிதில் சேரும் கொடிய வடிவமாக. பாசி, பூச்சி, சிறுமீன் என்று ஏறி, மற்ற மீனைத் தின்னும் பெரிய மீனின் சதைக்கு வரும்போது தண்ணீரில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கு மேலேயே போய்விடும். 1965இல் ஜப்பானின் அகானோ ஆற்றங்கரையில் மினமாட்டா நோய், அதாவது நரம்பைத் தாக்கும் பாதரச விஷநோய், வெளிப்பட்டதே, அது குடித்த தண்ணீரால் வந்ததல்ல, தின்ற மீனால்.

தூண்டில்: அது ஆலைக்கழிவு விழுந்த ஆறு. எல்லா ஏரியும் அப்படியா?

செதில்: நிலக்கரிப் புகையோடு பறந்து மழையிலும் இறங்குமே. ஆலையே இல்லாத மலை ஏரி மீனிலும் பாதரசம் கிடைத்திருக்கிறது.

தூண்டில்: சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன வருடம் சோதித்தது பாதரசம் அதிகம் சேர்ந்த முழங்கை நீளக் கிழட்டு விரால், இந்த வருடம் சாண் அளவு விரால். அப்புறம் ‘பாதரசம் குறைந்தது’ என்று ஓர் அறிக்கை. இது யாரை ஏமாற்ற?

செதில்: நியாயமான அடி. அதனால்தான் ஒரே இன மீன்களாகப் பார்த்துச் சேர்த்து அரைக்கிறார்கள். சின்னது பெரியதன் நீளத்தில் 75 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. பெரியது 40 செ.மீ. என்றால் 30க்குக் கீழே உள்ளது கழிந்துவிடும். அளவுப்பலகையில் மூக்கு முதல் வால்நுனி வரை வைத்துப் பார்த்த பிறகுதான் கத்தியையே எடுப்பார்கள்.

அடுப்படி: இடையில் வருகிறேன். தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் சீவி எறிந்தால் விஷம் போய்விடும் என்கிறார்களே?

செதில்: பிசிபி என்ற ஆலை ரசாயனம் கொழுப்பில் தங்குவது, சீவினால் நன்றாகவே குறையும். மீத்தைல் பாதரசம் சதைப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வது. எப்படிச் சீவினாலும், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. ஆகவே மனிதர் தின்பதற்கென்றால் சதைத்துண்டையும், பறவைகளுக்காகவோ நீண்டகாலப் போக்குக்காகவோ என்றால் முழுமீனையும் சோதிப்பார்கள். வட அமெரிக்கப் பேரேரிகளில் 1970களிலிருந்து முழு டிரவுட் மீனைச் சோதித்து வருவதால்தான், அமெரிக்கா 1979இல் பிசிபியைத் தடை செய்த பிறகு அதன் அளவு எப்படி இறங்கியது என்று காட்ட முடிகிறது. பாட்டில் தண்ணீர் இதைச் சொல்லியிருக்காது.

தூண்டில்: அப்படியானால் தண்ணீரை மாதாமாதம், மீனைச் சில வருடத்துக்கு ஒருமுறை. இதற்கு மேல் இறங்கமாட்டேன்.

செதில்: பெரும்பாலான ஏரிகளுக்கு அது போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே பருவத்தில் பிடிக்க வேண்டும். முட்டையிட்ட பின் மீனின் கொழுப்பே மாறிவிடும்.

தூண்டில்: பாருங்கள், நான் ஒத்துக்கொண்டதும் நிபந்தனை கூடுகிறது.